ஆச்சிக்கு, வெள்ளிக்கிழமைக்கு முன்னால்

(வெளியில் இருந்து படிக்கிறவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் அக்காதான் ஆச்சி, அக்கா வீட்டுக்காரர் அயித்தான், அப்பா அப்பச்சி.)

அன்புள்ள ஆச்சி,

நீங்கள் இருக்கும் அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பத்தை அனுப்பப் போகிறேன். நோயால் முடங்கியவர்கள் அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்குகிற படிப்பு. வரும் வெள்ளிக்கிழமை. போனில் சொன்னால் அயித்தான் ஸ்பீக்கரில் வந்துவிடுவார், வாட்ஸ்அப்பில் சொன்னால் சாயங்காலத்துக்குள் குடும்பக் குரூப்பில் இருக்கும். இந்தப் பக்கத்தை நீங்கள் சத்தமில்லாமல் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளத்தூரில் இன்னும் யார் யார் படிக்கிறார்கள் என்றும் ஓரளவு தெரியும். அதனால் சில இடங்களைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப் போவேன். உங்களுக்குப் புரியும்.

நீங்கள் போட்டுக் கொடுத்த எக்ஸெல்லை வைத்திருக்கிறேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. எனக்குச் சிவப்புதான் அதிகம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, கல்லூரி கல்லூரியாகப் பார்த்து நிரப்பியிருக்கிறீர்கள். அதற்கு நான் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். சொன்ன கையோடு சண்டையும் போடுகிறேன்.

மார்க் கட்டத்தில் என் 64 சதவீதத்தை அப்படியே போட்டுச் சிவப்படித்துவிட்டீர்கள். இங்கே 60க்கு முதல் வகுப்பு. அமெரிக்காவில் 60 என்றால் பெயிலை ஒட்டிய டி. நம் சான்றிதழை மதிப்பிடுகிறவர்களுக்கு இது தெரிந்துதான் கிரேடாக மாற்றுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் குறைந்தபட்சம் கேட்கும், நாலுக்கு 3.0 என்ற ஜி.பி.ஏ. சராசரியை நான் தாண்டிவிட்டேன். தாண்டுவது வேறு, இடம் கிடைப்பது வேறு, சரி. மூன்று வருட உளவியல் பி.எஸ்சி. மட்டும் இருந்திருந்தால் நாலு வருடப் படிப்புக்குச் சமமில்லை என்று பல கல்லூரிகள் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். எம்.எஸ்சி. சேர்ந்ததால் தப்பித்தேன். அந்த எம்.எஸ்சி. எதற்கு, வீண் செலவு என்று முகப்பில் உட்கார்ந்து பேசியவர்கள் இதைப் படித்தால் மகிழ்ச்சி.

சேருவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்களில் அப்நார்மல் சைக்காலஜி, வளர்ச்சி உளவியல், புள்ளியியல் மூன்றும் கையில் இருந்தன. இல்லாதது அனாடமியும் பிசியாலஜியும், அதுவும் லேபோடு. அவற்றை ஆன்லைனில் முடித்தேன். ஆன்லைன் லேபை ஏற்காத கல்லூரிகளை உங்கள் பட்டியலிலிருந்து நானே வெட்டியதில் பட்டியல் மெலிந்துவிட்டது. ஓ.டி. வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய அப்சர்வேஷன் மணிக்கணக்குக்கு மதுரை. காரைக்குடியில் தெருவுக்கு ஒரு பிசியோ போர்டு இருக்கிறது, ஆனால் பிசியோ பக்கத்தில் நின்ற நேரம் கணக்கில் வராது, ஓ.டி. ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பஸ்ஸில் போய்வந்த கதை உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

“வேலூரில் படித்தால் என்ன, எதற்கு இவ்வளவு தூரம்?” என்று நீங்கள் கேட்டபோது பதில் சொல்லாமல் போனை வைத்தேன். கோபத்தில் வைத்ததுதான், ஆனால் பதில் இருந்தது. இங்கே ஓ.டி. மாஸ்டர்ஸான எம்.ஓ.டி. சேர, இளநிலைப் படிப்பான பி.ஓ.டி. முடித்திருக்க வேண்டும். பி.ஓ.டி. என்றால் இன்டர்ன்ஷிப்போடு நாலு வருடத்துக்கு மேல், அதற்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் வேண்டும். நம் வீட்டில்தான் கடை, கணக்கு என்று எல்லாருக்கும் காமர்ஸ் ஆயிற்றே. அங்கே எந்தப் பட்டமாக இருந்தாலும் கேட்கிற பாடங்களை முடித்துவிட்டு நேராக மாஸ்டர்ஸ் சேரலாம். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நம் நாட்டின் முதல் ஓ.டி. பள்ளியைத் தொடங்கிய கமலா நிம்ப்கரும் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர்தான். அதனால் நானும் கமலா நிம்ப்கர் என்று சொல்லவில்லை. சிரிக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. மீதியை அப்பச்சியும் நானும் பேசி முடித்துவிட்டோம். அயித்தான் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டியிருக்காது.

உங்கள் எக்ஸெல்லில் கடைசிக்கு முந்தின கட்டத்துக்கு மட்டும் நிறமே இல்லை. ‘கட்டுரை’ என்று போட்டு, பக்கத்தில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் இந்தப் படிப்பு என்று ஒவ்வொரு கல்லூரியும் கேட்கும் கட்டுரை அது. மதுரையில் பார்த்த குழந்தைகளைப் பற்றி எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய நன்று. கடைசியில் அப்பத்தாவைப் பற்றி எழுதினேன்.

பக்கவாதம் வந்து வீட்டுக்குக் கூட்டி வந்தபின் மதுரையிலிருந்து ஓ.டி. மேடம் வந்தார்களே, அந்த முதல் நாள் நீங்கள் இல்லை. எனக்கு அவர்கள் இன்னொரு பிசியோ என்றுதான் நினைப்பு. ரப்பர் பந்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள் என்று பார்த்தால், வளவு முற்றத்தில் அப்பத்தா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, “உங்களுக்கு எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ஆசை?” என்று கேட்டார்கள். நடக்கணும் என்பார், சாப்பிடணும் என்பார் என்று நாங்கள் நின்றோம். வாய் கோணிக் குழறித்தான் வந்தது. “என் அறையத் தொறக்கணும் ஆத்தா.”

அந்தச் சாவி நினைவிருக்கிறதா? ஒரு சாண் இரும்பு. பூட்டு இரண்டு சுற்று. நமக்கே மணிக்கட்டு வலிக்கும், அப்பத்தாவுக்கு விழுந்ததோ வலது கை. மேடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் தானே பூட்டிப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள். நிலைப்படியின் உயரத்தைக் கையால் அளந்தார்கள். பழைய வேட்டித் துணி கேட்டார்கள். சாவியின் வளையத்தில் ஒரு மரக்குச்சியைக் குறுக்கே செருகி, துணியைச் சுற்றித் தடிமனாக்கி, விரலால் திருகாமல் முழுக் கையால் பிடித்து முன்கையைத் திருப்பினால் போதும் என்று ஆக்கினார்கள். நிலைப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பந்து, கயிறு, கப்பி எதுவும் கிடையாது. அந்தக் கதவுதான் பயிற்சி.

வாரக்கணக்கில் ஆயிற்று. சாவி நழுவி விழுந்து, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் இரண்டு இடத்தில் பெயர்ந்துபோனது. அதற்கு அப்பச்சி கத்தியது தனிக் கதை. ஒருநாள் மத்தியானம் முதல் சுற்று விழுந்தது. அப்பத்தா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “இன்னொரு சுத்து இருக்கு, பேசாம இரு” என்று என்னை அதட்டினார். திறந்து உள்ளே போய், சீர் சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பப் பூட்டிவிட்டு வந்து காபி கேட்டார். மறுநாளும் அதே. தினமும் அதே.

அப்புறம் நீங்கள் லீவில் வந்தீர்கள்.

நீங்கள் செய்தது தப்பு என்று நான் எழுதவில்லை. அந்த அறையில் ஒரு சாமான் குறைந்தது உண்மை. யார், என்ன என்பது இந்தப் பக்கத்துக்கு வேண்டாம். கதவு ஒரு ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்ததும் உண்மை. பொறுப்பாக நான்கு பேரைக் கேட்டுத்தான் சாவியை வாங்கி பாங்க் லாக்கரில் வைத்தீர்கள். ஆனால் அந்த நான்கு பேரில் அப்பத்தா இல்லை ஆச்சி. நீங்கள் திரும்பிப் போன பிறகும் மேடம் வந்தார்கள், வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அப்பத்தா, “ஒண்ணும் வேண்டாம், எல்லாம் அவுகளே பாத்துக்குறாக” என்றார். கை மறுபடி மடியில் சுருண்டது. நோய் தானாகவே முற்றியிருக்கலாம், டாக்டர் அப்படித்தான் சொன்னார். நானும் சாவியைக் கேட்டு உங்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. அப்போது நான் சின்னவள், உங்கள் எதிரில் யார் பேசுவது?

அப்பத்தா காரியத்தன்று என்னைக் கட்டிக்கொண்டு, “நான் பக்கத்தில் இல்லாமல் போயிட்டேனே” என்று நீங்கள் அழுததை மறக்கவில்லை. என் பரீட்சைக் கட்டணத்தை நீங்கள்தான் கட்டினீர்கள் என்பதையும். இவ்வளவு செய்தவரைப் பற்றி இப்படி எழுதுகிறாளே என்று இதைப் படிக்கிற சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. கேட்காமல் எழுதியதற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் சரி என்றிருப்பேன்.

என் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், உங்கள் எக்ஸெல் சொல்வதைவிடக் கொஞ்சம் கூட. பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடத்தை நிரப்புகின்றன, இந்த முறை சீக்கிரமே போடுகிறேன். மார்க்கில் நடுத்தரம், அனாடமியில் சுமார், மதுரை மேடத்தின் பரிந்துரைக் கடிதம் பலம். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் மறுபடி போடுவேன். அதற்கும் ஒரு எக்ஸெல் போட்டுத் தருவீர்கள் என்று நம்புகிறேன்.

கட்டுரையை உங்கள் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலத்தைத் திருத்துங்கள், நீளத்தை வெட்டுங்கள், வியாழன் ராத்திரிக்குள் அனுப்புங்கள். சாவிப் பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் உங்கள் பெயர் இல்லை. ‘குடும்பத்தில் ஒருவர்’ என்றுதான் இருக்கிறது.

உங்கள் தங்கச்சி