கீழடியில் பிள்ளைகளை நிற்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகளின் பள்ளியில், அகழாய்வில் கிடைத்த பழம்பொருள்களை வைத்திருக்கும் கீழடி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். துணைக்கு நானும் போனேன். 2023 மார்ச்சில் திறந்த அந்தச் செட்டிநாட்டு பாணிக் கட்டடத்தில் எங்களுக்குக் கிடைத்தது 40 நிமிடம். "வரிசையா போங்க, நிக்காதீங்க" என்ற குரல்தான் அதிகம் கேட்டது. பலகையில் இருப்பதை நோட்டில் எழுதவே பிள்ளைகளுக்கு நேரம் சரியாகப் போய்விட்டது.

ஒரே ஓர் இடத்தில் நின்றார்கள். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள். "அம்மா, இது நாங்க பாண்டி ஆடுற சில்லு!" என்று கத்தினாள் மகள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறிய ஓடுகளுக்கு வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

பள்ளிகள் அரை நாளாவது ஒதுக்க வேண்டும். கறுப்பு சிவப்புப் பானை ஓட்டின் நகலை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கலாம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு எப்படி என்று கேட்காத பிள்ளை உண்டா? கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறம் கறுத்தது என்று அப்போது சொன்னால் மறக்கவே மறக்காது. அப்புறம், களிமண் ஓட்டில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் அவரவர் பெயரைக் கீறச் சொல்லலாம். ஒரு கூடை மண்ணும் சில ஆணிகளும் போதும். வைகைக் கரையில் மண்ணுக்கா பஞ்சம்?

ஒரு தாய்,
மதுரை.