சாமியார் மாறிப் போன பிறகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பேரன் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று எழுதியிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருகிறோம். தேதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு, ரயிலில் இடம் பிடிக்க வேண்டும்.

உங்கள் கோயில் பங்கில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடி வேதம் வாசித்து ஜெபிக்கும் அன்பியங்களை மறுபடி தொடங்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஊரில் எப்படி நடக்கிறது, விவரமாக எழுது என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். எழுதுவதற்கு இப்போதுதான் சரியான நேரமும் வந்திருக்கிறது.

இந்த மே மாதம் நம் பங்குச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பாய். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வருவதும், மாலை போட்டு வழியனுப்புவதும் நாம் பூசைக்கு உதவிய காலத்திலிருந்து பார்த்ததுதான். அதோடு கூடவே இன்னொன்றையும் பார்த்திருக்கிறோம். ஒரு சாமியார் பாடகர் குழு தொடங்குவார். அடுத்தவர் வந்ததும் ஆர்மோனியம் உறைக்குள் போய்விடும். ஒருவர் மாலைப் பள்ளி நடத்துவார், அவர் போனதும் அந்த அறையில் தேர்ச் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எல்லாம் நல்ல முயற்சிகள். எல்லாம் ஒரு ஆளோடு வந்து அந்த ஆளோடு போய்விட்டன.

இந்த முறை அப்படி ஆகவில்லை, மாப்பிள்ளை. புதியவர் வந்து சேரச் சில வாரம் ஆயிற்று. ஞாயிறு பூசைக்குப் பக்கத்துப் பங்கிலிருந்து ஒருவர் வந்து போனார். மற்றபடி அன்பியக் கூட்டம், பிள்ளைகளின் மறைக்கல்வி, படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, உண்டியல் எண்ணிக் கணக்கு எழுதுவது, எதுவும் நிற்கவில்லை. பங்கு நிஜமாகவே புத்துயிர் பெற்றிருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தது அந்த வாரங்களில்தான். புதிய சாமியார் வந்த முதல் சனிக்கிழமை எங்கள் தெருக் கூட்டத்தில் வந்து பாயில் உட்கார்ந்தார். நடத்தியவர் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. அவர் சாமியாரைப் பார்த்துத் தயங்கவில்லை. "சாமி, நீங்களும் ஒரு வசனம் சொல்லுங்க" என்று எல்லோரிடமும் சொல்வது மாதிரியே சொன்னார்.

அதுவரைக்கும் வந்து சேர்ந்தது எப்படி என்றால், ஜெபத்தில் தொடங்கவில்லை. கணக்கில்தான் தொடங்கியது.

நம் ஊரில் பங்கு உடைந்து கிடந்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும். திருவிழா வரி எங்கே போனது, கோயில் நிலத்துக் கருவேல மரம் எவ்வளவுக்குப் போனது என்று ஆளுக்கு ஒன்று பேசி, குடும்பம் குடும்பமாகப் பூசைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். யார் சரி, யார் தப்பு என்று நான் இப்போது கிளற விரும்பவில்லை. இப்போது மாற்றலாகிப் போனவர் வந்ததும் முதல் வேலையாக ஒரு நிதிக்குழுவை அமைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், குழுவில் ஒருவர் போய் வரவு செலவை வாசிப்பார். காணிக்கை, பூசைப்பணம், புளியமரக் குத்தகை என்று வரவு எல்லாம் வரும். செலவில் மெழுகுவர்த்தி, மின்கட்டணம், மைக்செட் வாடகை வரை வரும். வாசித்த தாளை அப்படியே வாசல் பலகையில் ஒட்டிவிடுவார்கள். முதல் சில மாதம் பலகை முன்னால் கூட்டமாக நின்று படித்தார்கள். அப்புறம் கூட்டம் குறைந்துவிட்டது. நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். பேச்சை விட்டிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பூசைக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இது யாரோ ஒரு நல்ல சாமியார் மனமுவந்து கொடுத்த சலுகை என்று நினைத்துவிடாதே. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டம் 537-ஆம் பிரிவில் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. பங்கு மக்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசும் பங்குப் பேரவையை மட்டும்தான் மறைமாவட்ட ஆயரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த உலக ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இந்த மாதிரி அவைகளையும் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்கிறது. உங்கள் பேரவையில் யாராவது 'இதெல்லாம் எதுக்கு' என்று இழுத்தால் இதைச் சொல்.

சரி, அன்பியத்துக்கு வருகிறேன். நாங்கள் பின்பற்றுவது ஏழு படி முறை. தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிறுவனத்தில் உருவாகி உலகம் முழுக்கப் பரவிய முறை அது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் தைத்த சொல்லை எடுத்து உரக்கச் சொல்வது, அமைதியாக இருப்பது, பகிர்ந்துகொள்வது, என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது, ஜெபித்து முடிப்பது. இதில் மூன்றாவது படியைத் தயவுசெய்து அவசரப்படுத்தாதே. ஆறாவது படியை விட்டுவிடாதே. பல பங்குகளில் அன்பியம் செபமாலையும் டீயும் பிஸ்கட்டுமாகச் சுருங்கிப் போவதற்குக் காரணம் இந்த இரண்டையும் விட்டுவிடுவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். மாற்கு இரண்டாம் அதிகாரம், முடக்குவாதக்காரரைக் கூரையைப் பிரித்து இறக்குகிற பகுதி. ஒரு பையன் வாசித்தான். சொல்லை எடுத்துச் சொல்லும் நேரம் வந்ததும் சிலர் 'உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன' என்றார்கள், சிலர் 'எழுந்து நட' என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தது, "நாலு பேரு சுமந்து" என்றது. மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது முறை. "நாலு பேரு சுமந்து, நாலு பேரு சுமந்து." பகிர்தல் வந்தபோது, "அவரு மேல அந்த நாலு பேருக்கு எம்புட்டுப் பிரியம் பாருங்க. நம்ம தெருவுல யாரு படுத்துக் கெடக்குறா?" என்று கேட்டது. எல்லோருக்கும் தெரியும் யார் என்று. பக்கவாதம் வந்து வருடக்கணக்காக வீட்டை விட்டு வெளியே வராத பழைய கொத்தனார். கோயில் சுற்றுச்சுவர் அவர் கட்டியதுதான். மறுநாள் காலையில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வந்து தூக்குகிற இளவட்டங்களில் இரண்டு பேர் அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிறவர்கள்.

இனி, நன்றாக நடக்காததையும் சொல்ல வேண்டும். இருபது முப்பது குடும்பத்துக்கு ஒரு அன்பியம், தெருவாரியாகப் பிரித்தால் வசதி என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நம் ஊர் மாதிரி ஊரில் தெருவாரியாகப் பிரித்தால் சாதிவாரியாகப் பிரித்ததாக ஆகிவிடும். முதல் வருடம் அப்படித்தான் ஆனது. அப்புறம் பேரவையில் பேசி, கிழக்குத் தெருவின் பாதியையும் காலனியின் பாதியையும் சேர்த்து எல்லையை மாற்றிப் போட்டோம். சில வீடுகள் அன்பியமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டன. இன்னும் வரவில்லை. கூட்டம் காலனி வீட்டில் என்றால் வந்து உட்காருகிறார்கள், காப்பி கொடுத்தால் 'இப்பத்தான் குடிச்சேன்' என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது. ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை வாங்குகிற கை ஒரு டம்ளர் காப்பியை வாங்க மறுக்கிறது. ஆனாலும் எல்லையைப் பழையபடி மாற்றலாம் என்று வந்த பேச்சைப் பேரவை ஏற்கவில்லை. நானும் எதிர்த்துத்தான் பேசினேன். ஆட்கள் குறைந்தாலும் பரவாயில்லை, பிரிந்து உட்கார்ந்து ஜெபிக்கிற கூட்டம் வேண்டாம். உங்கள் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் இருக்கும். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர், வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள் என்று பார். வரைபடம் போடும்போதே யோசித்துவிடு.

கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது. அரபு நாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் தரத் தயாராக இருந்தார்கள். அவர்கள் ஆசையில் குறை இல்லை, தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஊர் என்றால் கோபுரம்தான் கண்ணில் தெரியும். ஆனால் இருக்கிற கோயிலே கிறிஸ்துமஸ், ஈஸ்டர் தவிர நிறைவதில்லை. சுண்ணாம்பு பூசிய அந்தத் தடித்த சுவருக்குள் வெயில் காலத்தில் இருக்கிற குளிர்ச்சி கான்கிரீட்டில் வருமா? ஓட்டை மாற்றினோம், ஒழுகின இடத்தை அடைத்தோம், மிச்சப் பணத்தில் நம் பழைய தேர்ச் சாமான் அறையை மறுபடி மாலைப் பள்ளியாக்கினோம். எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஒன்றை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குருக்கள் அல்லாத பொதுநிலையினர் பங்கை நடத்துவது நமக்குப் புதுச் சரக்கு இல்லை. சேசு சபைக் குருவான அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த இந்த மறவர் நாட்டில், சாமியார் முகத்தை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு அந்தச் சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பி வர அறுபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் கோவாவிலிருந்து வந்த குருக்கள் எட்டிய இடத்துக்கு எட்டினார்கள். மற்ற இடங்களில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, மந்திரம் சொல்லிக் கொடுத்து, செத்தவர்களை அடக்கம் செய்தது உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களும்தான். உன் தாத்தாவின் தாத்தா உபதேசியார் என்று உங்கள் அப்பா சொல்வாரே. நீ இப்போது எடுத்திருக்கிற வேலை உன் குடும்பத்து வேலை.

நம் பங்கில் தலை எண்ணிக்கை பெரிதாகக் கூடிவிடவில்லை. படித்த பிள்ளைகள் திருப்பூர், சென்னை, துபாய் என்று போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இருக்கிறவர்களிடம் வேலை இருக்கிறது, அதுதான் வித்தியாசம். வாசகம் வாசிக்க, நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோக, கணக்கு எழுத, மறைக்கல்வி நடத்த என்று ஆள் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் பெண்கள். வாசகர், பூசையில் பீடத்தில் உதவும் பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி கொடுக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார். நம் ஊரில் அதற்கு முன்பே அவர்கள்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

நீ தொடங்கும்போது பங்கு முழுவதற்கும் ஒரே நாளில் விளக்கேற்றித் தொடக்கவிழா நடத்தாதே. ஒரே ஒரு குடியிருப்பில் ஆரம்பி. பேசத் தெரிந்தவரை விட, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்தவரைப் பொறுப்பாளராகப் போடு. ஆளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று, உன்னையும் சேர்த்து. உங்கள் பங்கில் நிதிக்குழு இருக்கிறதா, இருந்தால் கணக்கை மக்களுக்கு வாசிக்கிறார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுது. அது தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று நான் சொல்ல முடியும். ஏழு படிக்கு நாங்கள் பயன்படுத்துகிற சிறு அட்டைகளில் கொஞ்சம் இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் அச்சகத்தில் எழுத்தைப் பெரிதாக்கிப் போட்டுக்கொள். வயதானவர்களுக்கு இது சின்னதாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி