வியாழக்கிழமை சமையல் இல்லை

சத்துவாச்சாரி, வேலூர்
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்குக் கொழுப்பு, இந்த வயதில் இரண்டு பேரும் கடை கடையாக ஏறி இறங்குகிறோம், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்று கேட்டாய். போட்டுக் கொடுத்தது உன் சித்திதான் என்று எனக்குத் தெரியும். அவளை ஒரு நாள்கூடக் கூட்டிப்போகவில்லை என்ற ஆற்றாமை அவளுக்கு. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ குறுக்கே விழுவாய். 32 வருடம் கரும்பலகையில் எழுதிய கை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் சத்தம் போடு.

இது திட்டமிட்டுத் தொடங்கியது இல்லை. தை மாதம் ஒரு வியாழக்கிழமை, பருப்பு பாதி வெந்திருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மறுநாள்தான் வரும் என்றார்கள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வா, வெளியே போய் எதையாவது சாப்பிட்டு வரலாம்" என்றார். கல்யாணமாகி 35 வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. காட்பாடி ஜங்ஷனில் வேலை பார்த்த காலம் முழுதும், இரவுப் பணியானாலும் பகல் பணியானாலும், அவர் கையில் என் டிபன் கேரியர்தான் போகும். கல்யாண வீடு, காதுகுத்து, திருப்பதி போகிற வழி, இவற்றை விட்டால் நாங்கள் வெளியே சாப்பிட்டதாக நினைவே இல்லை.

போனது பெரிய இடம் ஒன்றும் இல்லை. நாலு மேசை, சுவரில் எழுதிய விலைப்பட்டியல், வாசலில் கல். கடைப் பையன் வந்து என்ன வேண்டும் என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தமக்கு இரண்டு இட்லி என்றார். பையன் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா?" என்றான். சுவரில் இருந்ததை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தேன், பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல. அந்தப் பையனுக்கு அவசரம், கல்லில் தோசை காய்கிறது. வெங்காய ஊத்தப்பம் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அதைச் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். நம் வீட்டில் உனக்கும் அப்பாவுக்கும் பாட்டிக்கும் ஊற்றி முடிப்பதற்குள் மாவு அடியில் போய்விடும். வழித்து ஊற்றிய கடைசித் தோசையை நான் அடுப்படியிலேயே நின்றபடி, கல்லிலிருந்து கையில் எடுத்துத் தின்றுவிடுவேன். தட்டு என்று ஒன்று இருக்காது. நீயே பார்த்திருக்கிறாய். எனக்கென்று ஒருவர் சுட்டு, சுற்றிலும் எண்ணெய் விட்டு, மொறுமொறுப்பாகக் கொண்டுவந்து முன்னால் வைத்தது அன்றைக்குத்தான். வேர்க்கடலைச் சட்னி மட்டும் சுமார். கடலையைத் தீய விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை சமையல் இல்லை. டவுன் பஸ்ஸில்தான் போவோம். எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு உண்டு. கண்டக்டர் என்னை விட்டுவிட்டு அவரிடம் மட்டும் காசு வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பேருக்கும் சேர்த்துச் செலவு 300 ரூபாயைத் தாண்டக் கூடாது. கார் நிறுத்த ஆள் நிற்கிற இடத்துக்குப் போவதில்லை. கல்யாண நாளுக்கு ஒரு தடவை அப்படி ஒரு இடத்துக்குப் போய், இருட்டில் பட்டியலைத் தடவிப் படித்து, 1,100 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தோம். இரவெல்லாம் அப்பா நெஞ்செரிச்சலில் புரண்டார். அந்த இடத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற சந்துகளைப் பற்றி. எத்தனை ஆயிரம் முறை அந்த வழியாகப் போயிருப்போம்! நீ பிறந்ததே அங்கேதான். ஆனால் அந்தச் சந்துக்குள் சாப்பிடப் போனதில்லை. போர்டெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறது. தள்ளுவண்டியில் நம் ஊர்க்காரர்கள் பெயர் சொல்லத் தெரியாமல் வாங்குகிற கோவைக்காய் மாதிரி ஒரு காய், மூட்டை மூட்டையாகப் பொரி, ஐஸ் பெட்டியில் ரோகு மீன். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடத்துக்கு இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயில் ரயிலாக வருகிறார்கள். அப்பா அவர்களைக் காட்பாடி பிளாட்பாரத்தில் இறங்கும்போது பார்த்தவர். மூட்டையும் எக்ஸ்ரே உறையும் கையுமாக இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று நிற்பார்கள் என்பார். அவர்கள் எங்கே தங்கி என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது.

போய் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் எங்களைப் பார்த்ததும் வங்காளியில் ஏதோ கேட்டார். அப்புறம் இந்தியில் கேட்டார். நான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில், கை ஜாடையில் சோறு கேட்டேன். சோறு, தண்ணீராக ஒரு பருப்பு, மெல்லிதாக அரிந்து பொரித்த உருளைக்கிழங்கு, மீன் குழம்பு. புளியே இல்லாத மீன் குழம்பு, கண்ணு! கடுகெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. முதல் வாயில், இதை மனிதர்கள் எப்படித் தின்கிறார்கள் என்றுதான் தோன்றியது. மீனில் தலைமுடி மாதிரி முள். கடல் மீன் தின்று பழகிய எனக்கு ஒரு கவளத்தை விழுங்கத் தைரியம் வரவில்லை.

எதிர் மேசையில் எங்கள் வயதில் ஒரு தம்பதி. அந்த அம்மா தன் கணவருக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தாள். துண்டை விரலால் லேசாக அழுத்தி, சதை பிரிகிற வரியைத் தேடி, ஒவ்வொரு முள்ளாக உருவித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் தட்டில் கையை வைத்தாள். வேறு யாராவது அப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டு, என்னைச் செய்யச் சொல்லி நின்று பார்த்தாள். நான் இரண்டு முள் எடுத்ததும் தலையை ஆட்டினாள், என் வகுப்பில் நான் ஆட்டுவது போலவே. அப்பா தம் ரயில்வே இந்தியில் விசாரித்தார். வங்காளத்தில் மால்தாவிலிருந்து வந்திருக்கிறார்களாம். வந்து 19 நாள் ஆகிறது. கணவருக்குப் பரிசோதனை முடிவு வர வேண்டும், அதற்காக லாட்ஜில் காத்திருக்கிறார்கள். அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைப்பார்களாம். அன்றைக்கு மட்டும் அவளால் முடியவில்லையாம், அதனால் கடை.

அடுத்த வியாழக்கிழமையும் அங்கேயே போனோம். கடுகெண்ணெய் பழகிவிட்டது, குழம்பை வழித்துச் சாப்பிட்டேன். அவர்கள் இல்லை. ஊருக்குத்தான் போயிருப்பார்கள் என்றார் அப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆற்காட்டுக்கும் ஆம்பூருக்கும் போய் வந்தோம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆற்காடு ராணிப்பேட்டைக்குப் போனது, ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது. ஆக ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பும் போயிற்று, ஆம்பூர் பிரியாணியும் போயிற்று, வேலூருக்கு மிஞ்சியது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்தான் என்று அப்பா ஒப்பாரி வைத்தார். ஏன், அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். என் தாய்வீட்டுப் பக்கத்துக் காய், விட்டுக்கொடுக்க முடியுமா? உன் தாத்தா தோட்டத்தில் அந்தக் காய் பறித்து என் விரலெல்லாம் முள் ஏறியிருக்கிறது.

ஆம்பூரில் காலை 11 மணிக்கே அண்டாவைத் திறந்துவிட்டார்கள். ஆற்காடு நவாப் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த பக்குவம் என்று சொல்வார்கள். எனக்கு நவாபைப் பற்றிக் கவலையில்லை, நான் பார்த்தது அரிசியை. சீரகச் சம்பா. பாதி வேக்காட்டில் வடித்து, கறியோடு சேர்த்துத் தம் போடுகிறார்கள். ஊற வைத்து அரைத்த மிளகாய் விழுதுதான் நிறம் கொடுக்கிறது. மசாலா நெடியே இல்லை. கையில் எடுத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, உதிர்ந்து ஓடவும் இல்லை. என் பிரியாணியில் நான் பட்டையும் கிராம்பும் கூடுதலாகப் போடுகிறேன் என்று நீ பள்ளிக்கூட நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். ஒப்புக்கொள்கிறேன், நீ சொன்னது சரி. தொட்டுக்கொள்ள வைத்த எண்ணெய்க் கத்திரிக்காயில் மட்டும் என்னுடையதுதான் உசத்தி. இதை அப்பாவும் சொன்னார், நான் கேட்காமலே.

ஆற்காட்டில் பேடா ஒன்று வாங்கி இரண்டாகப் பிட்டோம். கோவா மாவு உருண்டை, நடுவில் முந்திரியும் மற்ற பருப்புகளும் வைத்து, பொரித்துப் பாகில் ஊறப் போட்டது. வாயில் வைத்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. சர்க்கரை என்பதால் அவருக்குப் பாதி என்று பேச்சு. அவர் பிட்ட பாதி எப்படியோ முக்கால் ஆகியிருந்தது. நல்லவேளை, கணக்கு டீச்சர் கூட இருந்தேன். அன்றைக்கு இரவு அவருக்குக் கேழ்வரகு அடை ஒன்றுதான். போதுமா உனக்கு?

கேழ்வரகு என்றதும் நினைவு வருகிறது. அணைக்கட்டு ஊருக்குப் போகிற வழியில் ஒரு கூரைக் கடையில் களி கிடைக்கிறது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள். நான்தான் போகலாம் என்றேன். நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் அந்த அம்மா கிண்டுகிற சத்தம் ரோட்டிலேயே கேட்டது. கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கிண்ணத்தில் போட்டு உருட்டி, இலையில் கவிழ்த்தாள். ஆவி பறந்தது. நடுவில் குழி செய்து கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள், பக்கத்தில் கீரைக் கடைசல்.

நான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குப் பாத்திரத்தில் களி கொண்டுபோய், மூடியைச் சாய்த்து வைத்து மறைத்துக்கொண்டு தின்றிருக்கிறேன். அரிசிச் சோறு கொண்டுவருகிறவள் பெரிய வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்ததும் உன் பாட்டி, "நம் வீட்டில் களி கிண்டுகிற வழக்கம் இல்லை" என்றார்கள். அவர்கள் அதட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்கள். நானும் அதோடு மறந்துவிட்டேன். இப்போது அதே களியைச் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லிக் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள்.

அப்பா டவுன்காரர் இல்லையா, களியை மெல்ல ஆரம்பித்தார். மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று நான் சொல்வதற்குள் அது அவருடைய கட்டுப்பல்லோடு ஒட்டிக்கொண்டது. மேல் வரிசை கையோடு வந்துவிட்டது. கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் திருப்பிக்கொள்ளாமல் சிரித்தேன். பல்லைக் கழுவிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், "உனக்கு இவ்வளவு பிடிக்குமா? ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் ஒழியவில்லை, இரண்டாவது உருண்டையில் இருந்தேன். போன வாரம் மார்க்கெட்டிலிருந்து வரும்போது ஒரு மரத் துடுப்பு வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார்.

வெயில் ஏறிவிட்டதால் இப்போது ஒரு மாதமாக எங்கேயும் தூரமாகப் போவதில்லை. காட்பாடி ரோட்டில் மர நிழலில் கம்பங்கூழ், மோர் மிளகாய், அவ்வளவுதான். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். அப்பாவுக்கு முன்பு இருந்ததைவிடக் கூடவில்லை. என் கொழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிறோமே, அதனால் இருக்கும். அறிக்கையைப் படம் எடுத்து அப்பா உனக்கு அனுப்புவார்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ சத்தம் போடும்போது கேமராவை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்திருந்தாய். அந்தப் பக்கம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நின்றுகொண்டே, வாணலியிலிருந்து, கரண்டியால் சாப்பிட்டாய். தட்டுகூட எடுக்கவில்லை. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. ஹாம்பர்க்கில் நாற்காலி கிடைக்காமலா போகும்? ஒன்று வாங்கிப் போடு, மேசையும் சேர்த்து. பணம் போதவில்லை என்றால் சொல், அப்பா அனுப்புவார்.

அன்புடன்,
அம்மா