மைலேஜ் குறைகிறதா? முதலில் டயரையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் ஏற ஏற, 'வண்டி மைலேஜ் தரமாட்டேன் என்கிறது' என்ற புகாரும் வேலூர், காட்பாடி ஒர்க்‌ஷாப்புகளில் ஏறிக்கொண்டே போகிறது. வருகிறவர்களில் பலர் பங்க்கில் அளவு குறைகிறது என்றோ, எத்தனால் கலப்பதால்தான் என்றோ முடிவு கட்டிக்கொண்டு வருகிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. அளவில் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட 5 லிட்டர் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லி பங்க்கில் கேட்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை. இவை இரண்டும் போக, நம் பக்கத்துப் பழக்கங்களாலேயே வீணாகும் பெட்ரோலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மைலேஜை முதலில் ஒழுங்காக அளக்க வேண்டும். டேங்க்கை நிரப்பும்போது துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். 250, 300 கி.மீ. ஓடியபின் அதே பங்க்கில், அதே பம்ப்பில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் மைலேஜ். கட் ஆன பிறகும் வண்டியை ஆட்டி ஆட்டிக் கழுத்து வரை ஊற்றினால் கணக்கு கெடும். அதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடும். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக, கூடுதலாகக் கிடைக்கும் என்று அலைவதிலும் பயனில்லை. டேங்க் பூமிக்கடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறுவதில்லை.

விடியற்காலையில் பங்க்குக்குப் போக வேண்டியது காற்றுக்காக. வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைத்து ஓட்டுவது இங்கே பரவலான வழக்கம். இது முழுக்கத் தவறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி எழுகிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது, அந்தச் சூட்டில்தான் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கிறது. அப்படி மடங்கும் டயரை உருட்ட இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டியிருப்பதால் பெட்ரோலும் போகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். காலை 28 டிகிரியில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருந்த டயர், சென்னை - பெங்களூரு சாலையில் மதிய வெயிலில் ஓடி 60 டிகிரிக்குச் சூடேறினால் 38 காட்டும். பங்க்கில் காற்று அடிப்பவர் '33தான் வேணும், அஞ்சு அதிகமா இருக்கு' என்று இறக்கிவிடுவார். மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் அதில் இருப்பது 28தான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது; ஓடும்போது ஏறும் சூட்டையும் கணக்கில் வைத்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். எனவே காலையில், வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபோது, அந்த அளவுக்கு அடியுங்கள். குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும்போது அதே ஸ்டிக்கரில் 'முழு லோடு' என்றிருக்கும் அளவு. அடித்தபின் வால்வு வாயில் சொட்டு எச்சில் வைத்துக் குமிழி வருகிறதா பார்த்து, மூடியைப் போடுங்கள். வால்வுக்குள் இருக்கும் ஊசி கசிந்தால் மாற்ற ஆகும் செலவு அற்பம்.

அடுத்தது இதைவிடப் பெரிய தவறு. 'நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு?' என்று அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிற வழக்கம் எங்கள் தொழிலிலேயே இருக்கிறது. தெர்மோஸ்டாட், இன்ஜின் தண்ணீர் ஏறத்தாழ 80, 85 டிகிரிக்குச் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீர் ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்தே ரேடியேட்டரைச் சுற்றிவரும். இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், நெடுஞ்சாலைக் காற்றில் வராமலேகூட இருக்கும். 'இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது' என்று சென்சார் சொல்வதால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வைக்கும்.

உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொடுங்கள். ஃபேன் திடீரென்று சுழலும், கை அதன் பக்கம் போகக் கூடாது. சில நிமிடங்கள் குளிராகவே இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் வால்வு நன்றாக இருக்கிறது. முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் ஒன்று வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. டெம்பரேச்சர் முள் இல்லாத சிறிய கார்களில், இன்ஜின் குளிராக இருப்பதைக் காட்டும் ஒரு நீல விளக்கு இருக்கும். அது வழக்கத்தைவிட நேரம் கழித்து அணைவதும் இதற்கு அறிகுறி.

வண்டி உண்மையிலேயே சூடானால் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: அடைத்த ரேடியேட்டர், தளர்ந்த மூடி, ஓடாத ஃபேன், கசிவு. பாலாற்றங்கரைப் பகுதிகளில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களில் கறை படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்பதை வாங்குங்கள்.

பிரேக் இறுகியிருப்பதும் கண்ணுக்குத் தெரியாத செலவு. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டையும் ஒன்றோடொன்று, பின் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக்கை அழுத்தும் காலிப்பரின் பின்னோ ஹேண்ட் பிரேக் கேபிளோ சிக்கியிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் பலர் நினைப்பது சரியில்லை. இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறையும். வரும் காற்றுக்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுவதால் மைலேஜ் அவ்வளவாகப் பாதிக்காது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில்தான் நேராகப் பெட்ரோலில் தெரியும். ஆனால் இன்ஜின் ஆயிலில் கவனம் தேவை: மெல்லிய 0டபிள்யூ-20 ஆயில் கேட்கும் இன்ஜினுக்கு, வெயிலுக்கு நல்லது என்று கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றுவது தினமும் பெட்ரோலைக் கொட்டுவதுதான்.

இனி ஓட்டுவது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரலில் போடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முழுவதும் மூடிக்கொள்ளும், பெட்ரோல் செலவே கிடையாது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் ஓடப் பெட்ரோல் வேண்டும். இன்ஜின் பிரேக்கும் இல்லாமல் போய் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்குங்கள். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் நெரிசல் தூரத்திலேயே தெரியும்போதும் இதே முறைதான். கடைசி வரை மிதித்து, பிறகு பிரேக் அடிப்பதில் என்ன லாபம்?

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கி.மீ.; அந்த வேகத்தால் மிச்சமாவது ஏழரை நிமிடம். மேலே வெறும் கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஏ.சி.யைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும் சிறிய கார், மணிக்கு ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். நிழல் பார்த்து நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். டர்போ டீசல் மட்டும், நெடுஞ்சாலையில் ஓடி வந்ததும் அரை நிமிடமாவது ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பங்க்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வகுத்த விதி. பல இடங்களில் இயந்திரம் இருந்தும் காலை ஒன்பது மணிக்கு முன் ஆள் இல்லை. இருந்தாலும் மீட்டர் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தவறாகக் காட்டுகிறது. டயர் குளிர்ந்திருக்கும் ஆறு, ஏழு மணிக்குக் காற்று கிடைக்கவும், மீட்டர்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து அந்தத் தேதியை இயந்திரத்திலேயே ஒட்டிவைக்கவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்,
சத்துவாச்சாரி, வேலூர்.