செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஜெர்மன் துப்பாக்கிகளில் படைப்பிரிவு முத்திரைகள்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், எந்தப் படைப்பிரிவுக்கு உரியது என்று காட்டத் துப்பாக்கிகளில் குத்திய முத்திரைகளை ஆராயும் நம் வட்டத்தின் இந்தப் பொதுக்குழுவுக்கு ஸ்டுட்கார்ட் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கோடை விடுமுறை நீங்கலாக மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வழக்கமாகக் கூடும் அறையை நடுவில் ஒருமுறை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்; தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடினோம், தேநீர் அங்கேதான் நன்றாக இருந்தது. சந்தா பாக்கி சிலரிடம் இருக்கிறது. பெயர் படிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம்மை உட்கார வைத்தது ஒரு இரும்புத் தகடு. பழம்பொருள் சந்தையில் உறுப்பினர் ஒருவர் வாங்கிவந்தது. மவுசர் 98 வகை ரைபிளின் மரக்கட்டை முடிகிற இடத்தில், தோளில் அழுத்திப் பிடிக்கும் பக்கத்தில், திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்களே, அந்தத் தகடு. போன கூட்டத்தில் கவலைப்பட்டவர்களுக்காக ஒரு வார்த்தை: குழலையோ, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டையோ உரிமம் இல்லாமல் இந்த நாட்டில் வைத்திருக்க முடியாது, இந்தத் தகட்டுக்கு உரிமம் தேவையில்லை. நம் வட்டத்திடம் துப்பாக்கி எதுவும் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை.

எண்ணெய் தொட்ட துணியால் துருவைத் துடைத்ததும், ‘5./ஜே.ஆர்.13.27.’ என்று வரிசையாகக் குத்திய எழுத்துகள் தெரிந்தன. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி உளியால் அடித்திருக்கிறார்கள். 3 மட்டும் வரியிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது. அடித்தவர் கை அசைந்திருக்க வேண்டும். ‘ஜே’ என்றதும், ஜெர்மனில் அதே எழுத்தில் தொடங்கும் யேகர் என்ற இலகு காலாட்படை என்று ஒரு கட்சி கிளம்பியது. அப்படியில்லை. அந்தக் காலத்து ஜெர்மன் முத்திரைகளில் ‘ஐ’ வர வேண்டிய இடத்தில் ‘ஜே’ போடுவது வழக்கம். ஆகவே இது இன்ஃபன்டரி (காலாட்படை) ரெஜிமென்ட் 13, அதன் உட்பிரிவுகளில் 5-ஆவது கம்பெனி, அந்தக் கம்பெனியின் 27-ஆவது ஆயுதம்.

காலத்தைக் காட்டிக்கொடுத்தது எழுத்து அடுக்கிய முறைதான். 1918 வரை இருந்த கைசர் (பேரரசர்) காலப் படையில் காலாட்படைக்கு வெறும் ‘ஆர்’ போதும். ரெஜிமென்ட் எண் முதலில் வரும், கம்பெனி பிறகு. ஸ்டுட்கார்ட்டில் இருந்த 119-ஆவது ரெஜிமென்ட்டின் துப்பாக்கி என்றால் ‘119.ஆர்.5.27.’ என்று இருக்கும். பவேரியாவுக்குத் தனி எண் வரிசை என்பதால் அவர்கள் முன்னால் ஒரு ‘பி’ சேர்த்தார்கள். இதற்கெல்லாம் 1877-இல் ஒரு விதிநூல், 1909-இல் திருத்திய இன்னொன்று. கம்பெனியை முன்னால் போட்டுச் சாய்கோடு இழுப்பது முதல் உலகப் போருக்குப் பிந்தைய ரைக்ஸ்வேர் படையின் பழக்கம். வெர்சாய் உடன்படிக்கை அந்தப் படையை 1,00,000 பேருக்குள் அடக்கியிருந்தது. மொத்தமே 21 காலாட்படை ரெஜிமென்ட்டுகள். அவற்றில் 13-ஆவது, ஸ்டுட்கார்ட் அடங்கிய நம் வூர்ட்டெம்பெர்க்குக்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் பேர்பெற்ற தளபதி ரோமெல் 1920-களில் ஸ்டுட்கார்ட்டில் கம்பெனித் தலைவராக இருந்ததும் அதில்தான். இதைச் சொன்னதும் தகட்டின் மதிப்பு அறைக்குள்ளேயே ஏறிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இருந்த ரெஜிமென்ட் ஐயா அது.

இலையுதிர்காலத்தில் மவுசர் ஆலை இருந்த ஊரான ஓபெர்ண்டோர்ஃப் சென்றுவந்தோம். 1811-இல் வூர்ட்டெம்பெர்க் அரசர் அங்கிருந்த அகஸ்தீனிய மடத்தைத் துப்பாக்கித் தொழிற்சாலை ஆக்கினார். 1874-இல் மவுசர் சகோதரர்கள் அதை வாங்கினார்கள். அங்கே 1898 மாடலின் மரக்கட்டையில், வலப்பக்கம் பதித்த வட்டத் தகட்டைக் கிட்டத்தில் பார்த்தது உபயோகமாக இருந்தது. முதலில் அது படைப்பிரிவு முத்திரை குத்துவதற்கென்றே வைத்த இடம். 1915 கடைசியில் அதை எடுத்துவிட்டு, போல்ட்டைக் கழற்ற உதவும் ஓட்டை வைத்த வளையங்களைப் போட்டார்கள். இடத்தையும் வடிவத்தையும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இந்த ஆண்டு நம்மிடம் வந்த படங்களில் பாதிக்கு மேல் படைப்பிரிவு முத்திரையே அல்ல. குழலில் உள்ள ‘எஸ்’ என்பது கூர்முனைத் தோட்டாவுக்கு ஏற்ற குழல் என்ற குறிப்பு. 1917 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் 1920 என்று இருந்தால், இரண்டாவது தயாரித்த ஆண்டு அல்ல. போருக்குப் பின் ஆயுதங்களை ஒழித்தபோது, இது அரசுப் படைக்கு உரியது, விட்டுவிடு என்று போட்ட அடையாளம். ‘பி.ஒய்.எஃப்’ என்பது ஓபெர்ண்டோர்ஃப் மவுசர் ஆலையின் ரகசியக் குறி, ‘பி.என்.ஸட்’ ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆலையின் குறி. கழுகுக்குக் கீழே ‘டபிள்யூ.ஏ.ஏ. 135’ என்றால் ஆயுதத் துறையின் சோதனை அதிகாரி ஒப்புக்கொண்ட அடையாளம். அது 135-ஆவது படை அல்ல. இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது, அறிக்கையிலும் ஏறட்டும்.

அடுத்தது, காரசாரமாகப் போன 950 விவகாரம். சுபாஷ் சந்திர போஸின் இந்திய லீஜன் பயன்படுத்திய துப்பாக்கி, 950-ஆவது ரெஜிமென்ட் முத்திரையுடன் என்று ஒரு விற்பனை விளம்பரம் வந்தது. விலை நம் ஆண்டுச் சந்தா மொத்தத்தையும் தாண்டும். லீஜன் ஜெர்மன் படையில் 950-ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டாக இருந்தது உண்மை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள்தான் அதில் பெரும்பாலோர். ஆனால் எந்தப் படை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, 1930-களின் நடுவிலேயே ரெஜிமென்ட் பெயரைத் துப்பாக்கியில் குத்துவதை நிறுத்திவிட்டார்கள். லீஜன் உருவானதோ போரின் நடுவில். பழைய பாணியில் சாய்கோடும் ‘ஜே.ஆர்.’ என்றும் போட்டு, பளபளவென்று விளிம்போடு 950 இருந்தால், அதைக் குத்தியவர் நம் காலத்து ஆள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு உறுப்பினர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் கருத்தும் கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

‘எஸ்.டி.’ என்று குத்திய ஆயுதங்களை நாஜி உளவுத்துறையின் சொத்து என்று விற்பதும் இதே ரகம். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமாக இருந்த பிரஷ்யாவின் போலீஸ் முத்திரை முறையில் அது டுஸ்ஸல்டோர்ஃப் ஷுட்ஸ்போலிட்சை, அதாவது சீருடைப் போலீஸ். விலை எங்கே ஏறுகிறதோ அங்கே முத்திரையும் முளைக்கிறது. நாஜிக் கட்சியின் ஆயுதப் பிரிவான எஸ்.எஸ். அமைப்பின் குறிகளைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு நம் வட்டம் இனி ஒரே பதில்தான் சொல்லும்: முதலில் போலி என்று எண்ணிக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம், போர் முடிந்த பிறகு வந்த குத்துகளும் உண்டு. ஜெர்மானியர்கள் 1945-இல் நார்வேயில் விட்டுப்போன, மவுசர் 98-இன் குட்டை வகையான கே98கே ரைபிள்களை நார்வே தன் படைக்கு எடுத்துக்கொண்டு, தரைப்படைக்கு ‘ஹேர்’, விமானப்படைக்கு ‘ஃப்ளை’, கடலோரப் பீரங்கிப் படைக்கு ‘கே.ஆர்ட்’ என்று போட்டது. பலவற்றில் குழலையும் அமெரிக்க 30-06 தோட்டாவுக்கு மாற்றினார்கள். ‘ஃப்ளை’ என்பதை ஜெர்மன் விமானப்படையின் ரகசியச் சொல்லாக்கி நம்மில் ஒருவர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை அருமையான நடை. பிரசுரிக்கவில்லை.

போரின் கடைசிக் கட்டத்தில் சில கட்டைகளில் ஐந்திலக்க எண் தென்படும். அது களத் தபால் எண்ணாக, அதாவது கடிதம் போய்ச் சேர ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுத்த எண்ணாக இருந்தால் படைப்பிரிவைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரே எண்ணை ஒரு பிரிவிடமிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு, ஆகவே தேதி இல்லாமல் எண் மட்டும் உதவாது.

ஆவணக் காப்பகப் பணியில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் பிரஷ்யப் படையின் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்துபோனது. வூர்ட்டெம்பெர்க் படையின் முதல் உலகப் போர் ஆவணங்கள் ஸ்டுட்கார்ட் காப்பகத்தில் தப்பியிருக்கின்றன, பவேரியாவுடையவை மியூனிக்கில். அதனால் வரும் ஆண்டில் 119-ஆவது, 125-ஆவது ரெஜிமென்ட்டுகளின் கம்பெனிப் பதிவேடுகளைப் பார்ப்பது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். முத்திரை கம்பெனியோடு நின்றுவிடும், சுமந்த ஆள் யார் என்பதை அது சொல்லாது என்பதையும் சேர்ந்து வருபவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தகாலப் படக் கண்காட்சியில் சோதனை முத்திரைப் படங்களில் ஸ்வஸ்திகா இருந்தது குறித்துக் கேள்வி வந்தது. ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவு அதைப் பொதுவில் காட்டத் தடை செய்கிறது. ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. அப்படியிருந்தும் படங்களை விளக்கக் குறிப்போடு மட்டுமே வைத்தோம், விளம்பரத் தாளில் போடவில்லை. இனியும் அப்படியே.

வரும் ஆண்டுக்கு இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட எம்டன் கப்பலை முன்னிட்டு, கைசர் கடற்படை ஆயுதங்களின் கிரீடமும் ‘எம்’ எழுத்தும் சேர்ந்த முத்திரை பற்றி ஒரு கூட்டம் வேண்டுமாம். நடத்தலாம், பேசுபவர்தான் கிடைக்க வேண்டும்.

படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து எழுத்தை மட்டும் வெட்டி அனுப்பாமல், முழுத் துப்பாக்கியையும் முத்திரை இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சுண்ணாம்புப் பொடி பூசி எழுத்தை எடுத்துக்காட்டுவது சரி, கம்பித் தூரிகையால் தேய்ப்பது கூடாது.

தகட்டை வட்டத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்த உறுப்பினருக்கும், ஓபெர்ண்டோர்ஃப் பயணத்துக்கு வண்டி ஓட்டியவர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்துப் பொருளாளர் கணக்கு வாசிப்பார்.

செயலாளர்