நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்து வேண்டாம், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். “பூஜைக்குப் பூப் பறிக்கிற செடியை ஒரே வாரத்துல மொட்டையடிச்சிடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தெல்லாம் வேண்டாம். நந்தியாவட்டை எத்தனை முறை மொட்டையானாலும் துளிர்த்துவிடும். இந்தப் புழுவை எடுத்து வளர்க்கச் சொல்லி உங்கள் பேரனிடம் கொடுங்கள். லீவில் போனை விட்டுக் கொஞ்ச நேரமாவது தள்ளி இருப்பான்.

இது அரளி அந்துப்பூச்சியின் புழு. அறிவியல் பெயர் டாப்னிஸ் நீரியை. உயிரினங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போட்ட லின்னேயஸின் ஏட்டில் 1758-லேயே ஏறிவிட்ட பூச்சி. படத்தில் நான் முதலில் பார்த்தது செடியைத்தான். புழுவை அடையாளம் காண அதுதான் பாதி வேலை. இந்தப் பூச்சி பெரும்பாலும் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி என்று அந்த ஒரு குடும்பத்துச் செடிகளில்தான் முட்டையிடும். அப்புறம் வால் பக்கம் ஒற்றைக் கொம்பு. குட்டிப் புழுவாக இருக்கும்போது அது கறுப்பாக, மெல்லிய நூல் மாதிரி நீண்டிருக்கும். வளர வளரக் குட்டையாகி ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும். விலாவில் தலைப்பக்கத்திலிருந்து வால் வரை வெள்ளைக் கோடு, அதை ஒட்டிச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்.

அந்த இரண்டு நீலக் கண்களைப் பார்த்துத்தானே பயந்தீர்கள்? அவை கண்ணே இல்லை, தோலில் உள்ள பொட்டு. நிஜக் கண்கள் தலையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஆறாக, கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கின்றன. லேசாகத் தொட்டுப் பாருங்கள்: தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், முன்னுடம்பு உப்பும், பொட்டு இரண்டும் பெரிதாகி முறைக்கும். குருவியை விரட்ட அது போடுகிற வேஷம் அவ்வளவுதான். கொம்பு கொட்டாது. முருங்கையில் அடையாக மொய்க்கும் கம்பளிப்பூச்சியைத்தான் தொடக் கூடாது. நம் அரளிப் புழுவின் உடம்பில் அரிக்கிற முடி எதுவும் கிடையாது. ஆனால் அரளிப் பால் விஷம். புழுவுக்கு ஒன்றும் செய்யாது, நமக்குச் செய்யும். அரளி இலையோ நந்தியாவட்டையோ, பறித்த கையைப் பேரன் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

அரளியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, முதுகில் மெல்லிய கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இன்னொரு புழுவும் வரும். அது வண்ணத்துப்பூச்சியினுடையது, அதைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. அகலமான பிளாஸ்டிக் டப்பா, அடியில் பழைய செய்தித்தாள், வாயில் கொசுவலைத் துணியும் ரப்பர் பேண்டும். எந்தச் செடியில் பிடித்தீர்களோ அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடுங்கள். இடையில் மாற்றினால் சில புழுக்கள் பட்டினி கிடந்தாலும் கிடக்கும், வாய் வைக்காது. மருந்தடித்த செடியின் இலை ஆகவே ஆகாது. தண்ணீர் வைக்க வேண்டாம், இலையில் இருப்பதே போதும். கையால் பிடித்து இழுக்காதீர்கள், கால்களால் அப்படிக் கவ்விக்கொண்டிருக்கும். உட்கார்ந்திருக்கும் காம்போடு கத்தரித்துப் புது இலைமேல் வையுங்கள், தானே நடந்து போய்விடும். பெரிய புழு போடும் எச்சம் மிளகு மிளகாகச் சேரும், தினமும் தட்டிவிடுங்கள். தேங்கிப் பூஞ்சை பிடித்தால் புழு செத்துப்போகும். சில சமயம் தின்னாமல் அசையாமல் கிடக்கும். தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம், தொந்தரவு செய்யாதீர்கள்.

பலபேர் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில்தான். சுண்டு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்திவிடும். பச்சை போய்ப் பழுப்பாகும், முதுகு கறுத்துவிடும், டப்பாவுக்குள் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும். நோய் வந்துவிட்டது என்று எடுத்து வெளியே போட்டுவிடுவார்கள். அது கூட்டுப்புழு ஆக இடம் தேடுகிறது! இந்தப் பூச்சி கிளையில் தொங்காது, கீழே இறங்கிச் சருகுக்குள் போகும். அதனால் டப்பாவில் நாலு விரல் உயரத்துக்கு ஈர மண்ணும் மேலே காய்ந்த இலையும் போட்டு விட்டுவிடுங்கள். சருகை இழை விட்டுச் சேர்த்து, அதற்குள் வெளிர் பழுப்பில், பக்கவாட்டில் கறும்புள்ளி வைத்த கூட்டுப்புழுவாகக் கிடக்கும். தொட்டால் வயிற்றை நெளிக்கும். பேரன் நிச்சயம் தொடுவான், ஒரு தடவையோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

நம் வெயிலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். மண் காய்ந்தால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், சொதசொதவென்று ஆக்கிவிடாதீர்கள். ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் பூச்சி அதில் ஏறித் தொங்கினால்தான் இறக்கை சுருக்கம் இல்லாமல் விரியும். சில சமயம் பூச்சிக்குப் பதில் ஈ வெளியே வரும். செடியில் இருக்கும்போதே புழுவின் உடம்புக்குள் குஞ்சு வளர்க்கிற ஏதோ ஓர் ஒட்டுண்ணி ஈ அதற்குக் கணக்குத் தீர்த்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள், உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

விரிந்த இறக்கை கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர். பாசிப்பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று ராணுவச் சட்டை மாதிரி இருக்கும். பகலில் விட்டால் காக்கை தூக்கிவிடும். இருட்டிய பிறகு மாடி விளக்கை அணைத்துவிட்டு, டப்பாவைத் திறந்து வையுங்கள். மல்லிகைப் பந்தல் பக்கமாக வைத்தால் இன்னும் நல்லது. படம் எடுக்க மறந்துவிடாதீர்கள், எனக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்