பலகையோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் கொலராடோவில் 'மவுண்ட் எவன்ஸ்' மலைக்கு 2023இல் 'மவுண்ட் ப்ளூ ஸ்கை' என்று பெயர் மாற்றினார்கள். 1864இல் சாண்ட் க்ரீக்கில் பழங்குடி மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் எவன்ஸ்.

அதுபோலவே இங்கே தமிழ்நாட்டிலும், பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பை இழிவாகச் சுட்டும் 'காலனி' என்ற சொல் அரசுப் பதிவுகளிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். மனதார வரவேற்கிறேன். எங்கள் பக்கத்து மினிபஸ்ஸில் நடத்துநர் "காலனியெல்லாம் எறங்குங்க" என்று சத்தம் போடும்போது, சீருடைப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு பிள்ளைகள் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடந்தே போய்விடும்.

ஊர்ப் பெயர்ப்பலகை மாறிவிடும், சரி. ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பழைய பெயர்தானே இருக்கிறது? அதை மாற்ற, கூலி வேலைக்குப் போகிறவர்களைத் தாலுகா ஆபீசுக்கு அலைய விடாதீர்கள். ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுங்கள். அப்புறம், புதுப் பெயர் என்னவென்று அங்கே குடியிருக்கிறவர்களே சொல்லட்டும். ஓடையின் பெயரோ மரத்தின் பெயரோ, அவர்களுக்குப் பிடித்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெருந்துறை